முதலாளிக்கும் வேண்டும் ஒரு மாற்று ஆள்

கடைப் பையன் ஒரு நாள் வராவிட்டால் பக்கத்துக் கடையில் ஆள் கேட்டு வாங்குகிறோம். மூட்டை இறக்க ஆள் வராவிட்டால் போன் போட்டு வேறு ஆளைப் பிடிக்கிறோம். தராசு கோளாறு செய்தால் அன்றைக்கே சரி பார்த்துவிடுகிறோம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி ஒரு நாள் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்று மட்டும் நம்மில் பலர் யோசித்து வைக்கவில்லை. மளிகைக் கடைகளில் அதற்கு எப்போதும் ஒரே பதில்தான். முதலாளி வராமல் இருக்க மாட்டார். காய்ச்சலோடு வருவார், மூட்டு வலியோடு வருவார், இரவெல்லாம் தூங்காமல் இருமிவிட்டும் காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்குவார்.

நம் கடைவீதியில் 1970களிலும் 80களிலும் இருபது இருபத்தைந்து வயதில் கடை வைத்தவர்கள் இன்றைக்கு அறுபதைத் தாண்டி, எழுபதையும் தாண்டி இருக்கிறார்கள். அன்றைக்கு இருந்த அதே நேரக் கணக்கில்தான் இன்றும் கடை நடத்துகிறார்கள். உடம்பு மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. இவர்கள் டாக்டரிடம் போகாததற்குப் பணம் காரணம் என்று நாம் நினைக்கவில்லை. பயம் ஓரளவு காரணமாக இருக்கலாம். முக்கியமான காரணம், போனால் கடையை யார் பார்ப்பது என்பதே. நாம் பார்த்தவரையில் நம் மூத்த வணிகர்களின் எந்த நோயை எடுத்தாலும் அதற்குப் பின்னால் இந்த ஒரு கேள்வி நிற்கிறது. ஆகவே உடல்நலம் பற்றிப் பேசினாலும் இதைக் கடை நிர்வாகப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து.

முதலில் அந்த நாற்காலியைப் பார்ப்போம். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர், மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1953-இல் முடிவை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பங்கள். ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்தது. மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தாலும் கடுமை குறைவாக இருந்தது. நம் கடையில் கல்லாவில் இருப்பவர் டிரைவர். சரக்கு எடுத்துக் கொடுக்க ஓடுகிற பையன் கண்டக்டர். வித்தியாசம் அவ்வளவுதான். (அந்த மோரிஸ் தாமும் நடையும் நீச்சலுமாக இருந்து 99 வயது வரை வாழ்ந்தார்.) கடை ஆரம்பித்த காலத்தில் நாமே மூட்டை தூக்கினோம், நாமே பொட்டலம் கட்டினோம், சைக்கிளில் போய் பாக்கி வசூல் செய்தோம். அப்போது நாமும் கண்டக்டர்தான். வியாபாரம் பெருகப் பெருக நாற்காலிக்கு வந்து சேர்ந்தோம்.

அந்த நாற்காலியில் இருந்தபடியே ஒரு நாளைக்கு ஆறு டீ, எட்டு டீ. வருகிற சப்ளையருக்கு ஒன்று சொன்னால் நமக்கும் ஒன்று வருகிறது. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, சில நாள் நான்குக்கு. இரவுச் சாப்பாடு கடை கட்டிவிட்டுப் போய் பத்தரைக்கு. சாப்பிட்ட கையோடு படுக்கை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2023-இல் சொன்னது. இரத்த அழுத்தம் நூற்றுக்கு 35 பேருக்கு இருப்பதாகவும் அதே ஆய்வு சொல்கிறது. இரண்டுமே ஆரம்பத்தில் வலிக்காத நோய்கள். வலிக்காததால் கடையை விட்டு எழ ஒரு காரணம் கிடைப்பதில்லை.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் நாம் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. மதியம் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையைப் போட்டாயிற்று. கேரியரைத் திறக்கும்போது லாரி வந்து நிற்கிறது. மூட்டை எண்ணி, பில் சரிபார்த்து, டிரைவருக்கு வாடகை கொடுத்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண் இருட்டுகிறது. பையன்கள் வெயில் என்று நினைக்கிறார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. சுற்றிலும் சர்க்கரை மூட்டை அடுக்கியிருக்கும் கடையில் ஒரு மனிதர் சர்க்கரை இல்லாமல் மயங்கி விழுவது எவ்வளவு வேதனையான வேடிக்கை! மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கச் செய்ய வேண்டும் என்பதைக் கடையில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அடுத்து, கால். கல்லா இருக்கும் இடம் லட்சுமி இருக்கும் இடம் என்று நம்மில் பலர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு கடைக்குள் இருக்கிறோம். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் நம் கடைத் தரையில் என்னவெல்லாம் கிடக்கிறது என்பது நமக்கே தெரியும். கோணி ஊசி, தகர டின்னின் வெட்டு, பெட்டியில் இருந்து கழன்ற ஆணி, ஸ்டேப்ளர் பின். சர்க்கரை நோய் பல வருஷம் ஆனவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடுகிறது. ஊசி ஏறினாலும் தெரியாது. இரண்டு நாள் கழித்து வீட்டில் யாராவது ரத்தக் கறையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் உண்டு. விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை எடுக்க நேர்ந்த கதை எந்த ஊர்க் கடைவீதிக்கும் புதிதல்ல. வெளியே போட்டுப் போகாமல் கடைக்குள் மட்டும் போடுவதற்கென்று ஒரு ஜோடி சுத்தமான செருப்பு வைத்துக்கொண்டால் சாஸ்திரமும் கெடாது, காலும் தப்பும். சர்க்கரைக்காரர்களுக்கென்றே எம்.சி.ஆர். செருப்பு கிடைக்கிறது. இரவு கடை கட்டும்போது கல்லாவை எண்ணுகிற நேரத்தில் ஒரு நிமிஷம் உள்ளங்காலையும் பார்க்கலாம். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். பேரனைப் பார்க்கச் சொல்லலாம்.

இனி, நம் பத்திரிகைகளில் யாரும் எழுதத் தயங்குகிற ஒரு விஷயத்துக்கு வருகிறோம். நம் கடைவீதியில் இருக்கும் கடைகளில் எத்தனை கடைகளுக்குச் சொந்தமாகக் கழிப்பறை இருக்கிறது? விரல் விட்டு எண்ணலாம். பஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டும், இல்லையென்றால் சந்துச் சுவர். ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கத் தொடங்குகிறது. அறுபதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்காவது இது இருக்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அடிக்கடி போக வேண்டும் போலிருக்கும். போனால் சரியாக வராது. வந்த பிறகும் பாக்கி இருப்பது போலத் தோன்றும். இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருக்கும். இதை வீட்டில் சொல்ல வெட்கம், மகனிடம் சொல்ல அதைவிட வெட்கம். நம் பெரியவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி என்ன தெரியுமா? தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் கடைக்கு வந்தால் மதியம் வரை ஒரு டம்ளரோடு சரி.

மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கு நடுவே, மே மாத வெயிலில், தகரக் கூரையின் கீழ் இப்படி உட்கார்ந்திருந்தால் சிறுநீரகத்தில் கல் சேருவதிலும், நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வருவதிலும் ஆச்சரியம் இல்லை. அடக்கி அடக்கி வைத்துக் கடைசியில் ஒருநாள் சொட்டுக்கூட வராமல் அடைத்துக்கொண்டு, அடிவயிறு கல் போலாகி, நடு இரவில் ஆஸ்பத்திரிக்குப் போய் டியூப் போட்டு எடுப்பது வரை போகிறது. சளிக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளாலும் இந்த அடைப்பு வருவதுண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்த வீக்கம் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மாத்திரையிலேயே பலருக்குக் குணம் தெரிகிறது. ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. புற்றுநோயா இல்லையா என்று பார்ப்பதும் டாக்டரின் வேலை. அதை நாமே முடிவு செய்துகொண்டு பயந்து ஒளிய வேண்டியதில்லை. சிறுநீரில் ரத்தம் கண்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

நெஞ்சுவலி விஷயத்தில் மளிகைக்காரருக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது! நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் "வாயுதான்" என்று ஓமம் மெல்லுகிறோம், பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் குடிக்கிறோம், பெருங்காயத்தை மோரில் கரைக்கிறோம். ஒரு ஏப்பம் வந்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று எண்ணம். நெஞ்சில் பாரம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை இவையெல்லாம் சேர்ந்தால் வாயு என்று சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வந்து மாரடைப்பு நேர்வதும் உண்டு. தாமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது கூடவே கூடாது. பக்கவாதமும் அப்படியே. வாய் கோணினால், ஒரு கை தூக்க வரவில்லையென்றால், பேச்சுக் குழறினால் நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால்தான் கட்டியான ரத்தத்தைக் கரைக்கும் ஊசி பயன்படும். "கடை கட்டிவிட்டுப் போகலாம்" என்பது அங்கே செல்லாது.

கண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய 20 ரூபாய் நோட்டையும் 200 ரூபாய் நோட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு மாலையில் கல்லா உதைக்கும்போது நமக்கே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் படிக்கிற எந்த வணிகரும் தெரியாத விஷயம் என்று சொல்ல மாட்டார். தெரிந்தும் போகாமல் இருக்கிறோம். ஏன் கல்லாவை இன்னொருவரிடம் விட முடியவில்லை? வெளிப்படையாகவே பேசுவோம். பணம் குறையும் என்ற சந்தேகம் ஒன்று. கொள்முதல் விலை வெளியே போய்விடும் என்ற பயம் இன்னொன்று. அதற்காகத்தானே மூட்டை மேல் ரகசியக் குறி போட்டு வைக்கிறோம். எல்லாவற்றையும்விடப் பெரியது, கடன் கணக்கு முழுவதும் நம் தலைக்குள் இருக்கிறது. எந்த ஓட்டல்காரர் எத்தனை நாளில் தருவார், எந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு வரை விடலாம், எந்தக் கம்பெனிக்கு எந்தத் தேதியில் செக் போட வேண்டும் என்பதெல்லாம் நோட்டில் பாதியும் ஞாபகத்தில் பாதியுமாக இருக்கிறது. அந்த முதலாளிக்கு ஒரு பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனால், நோட்டில் இல்லாத பாக்கி அத்தனையும் அதோடு போயிற்று. தர வேண்டியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்; வாங்க வேண்டியவர்கள் மறுநாளே வாசலில் நிற்பார்கள். ஒரு பெரிய மண்டியே இப்படி ஆறு மாதத்தில் மூடப்பட்டதை நாம் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம்.

ஆகவே மாற்று ஆளைத் தயார் செய்வது உடம்புக்கு மட்டுமல்ல, முதலுக்கும் பாதுகாப்பு. ஒரே நாளில் சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை. மகனோ, மருமகனோ, பத்து வருஷமாகக் கூடவே இருக்கும் கணக்குப்பிள்ளையோ, நம் வீட்டு அம்மாவோ, ஒருவரை வாரத்தில் இரண்டு மதியம் உட்கார வைக்கலாம். (பெண்கள் கல்லாவில் இருக்கும் கடைகளில் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.) பற்று நோட்டில் ஞாபகத்தில் இருப்பதை எல்லாம் எழுதி ஏற்றி விடலாம். முதல் மாதம் நூறு இருநூறு குறைந்தாலும் அது பழக்கக் கூலி.

முடியாது என்று சொல்கிறவர்களுக்கு 2020-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். கொரோனா ஊரடங்கில் ஊரே அடைந்து கிடந்தபோதும் மளிகைக் கடை அத்தியாவசியம் என்று திறந்திருந்தோம். 65 வயதைக் கடந்தவர்கள் வெளியே வர வேண்டாம் என்று அரசு சொன்னதால் பல கடைகளில் பெரியவர்கள் வீட்டில் இருக்க, பிள்ளைகள் கடையைப் பார்த்தார்கள். கூட்டம் வழக்கத்தைவிட அதிகம், சரக்கு வரத்து நிச்சயமில்லை. அப்படிப்பட்ட நேரத்திலேயே கடை நடந்தது. சாதாரண நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நடக்காதா?

ஆனால் அதே 2020 இன்னொன்றையும் காட்டிற்று. அப்போது வீட்டுக்குப் போன பெரியவர்கள் சிலர் திரும்பக் கடைக்கு வரவே இல்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா" என்று பிள்ளைகள் அன்போடுதான் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அந்த மனிதர்கள் பாதியாகிப் போனார்கள். பேச ஆளில்லை, எழுந்திருக்கக் காரணமில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபோதே இவர்களின் பிடி தளர ஆரம்பித்திருந்தது. ஐம்பது வருஷம் மனக்கணக்கில் பில் போட்டவர், தன் கடையிலேயே "அதைத் தொடாதீங்க தாத்தா" என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. மனைவியை இழந்தவர்களுக்கு இது இன்னும் கொடுமை. ஆண்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாப்பாட்டில் குறை சொல்வார்கள், சின்ன விஷயத்துக்குச் சத்தம் போடுவார்கள், இல்லையென்றால் பேசாமலே இருந்துவிடுவார்கள்.

கல்லாவை விடச் சொன்ன நாமே இளைய வணிகர்களுக்கு இதைச் சொல்கிறோம்: கடையை முழுவதும் பறித்துவிடாதீர்கள். காலை போணி அப்பா கையால் நடக்கட்டும். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து இது பழசா புதுசா என்று சொல்வது எந்தக் கம்ப்யூட்டருக்கும் வராது. பருப்புச் சாம்பிள் வந்தால் அவரிடம் காட்டுங்கள். இரண்டு மணி நேரம் போதும். பழைய வாடிக்கையாளர் வந்து "அண்ணாச்சி எங்கே?" என்று கேட்பதே அவருக்கு ஒரு டானிக். பிறகு அவரே எழுந்து வீட்டுக்கு நடந்து போகட்டும். அதுவும் அவர் உடம்புக்கு நல்லது. பிள்ளைகள் வெளியூரில் இருந்து, தனியாகத் தவிக்கும் பெரியவர்கள் இருந்தால், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணை அவர்களுக்குக் குறித்துக் கொடுக்கலாம்.

வார விடுமுறை புதிதாக யாரும் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1947-இல் வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு அனுமதித்தது. அவர்களுக்கு மாற்றி மாற்றி உட்கார ஆள் உண்டு, நமக்கு? 2021-இல் அதே சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்றும் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். தொழிலாளி உட்கார முடியாமல் கஷ்டப்பட்டார், முதலாளி எழ முடியாமல் கஷ்டப்படுகிறார். பெரிய கடை திறந்திருக்கிறதே என்று போட்டிக்குத் திறப்பதைவிட, தெரு முழுவதும் பேசி வைத்து ஞாயிறு மதியத்தோடு கடை கட்டினால் எந்தக் கடைக்கும் நஷ்டமில்லை. வாங்குகிறவர் காலையில் வந்து வாங்கிப் போவார். மே 5 வணிகர் தினத்தன்று ஊரெல்லாம் கடையடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். மறுநாள் வியாபாரம் குறைந்தா போயிற்று?

அரசு தரும் வழிகளையும் விட்டுவிடக் கூடாது. 1989-இல் அமைந்த வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர் இறந்தால் குடும்பத்துக்கு நிதி கிடைக்கிறது. பதிவு செய்யாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அது இறந்த பிறகு. உயிரோடு இருக்கும்போதே, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து தருகிறார்கள். வசதி இருக்கிறவர்கள் எதற்கு என்று நினைத்து நம் ஆட்கள் கதவைத் திறப்பதில்லை, பரிசோதனையாவது செய்துகொள்ளலாம். 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பீடு என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் அறிவித்துத் தொடங்கியது. நம் ஊர் ஆஸ்பத்திரியில் அது எப்படிக் கிடைக்கும் என்பதை ஆதார் அட்டையோடு நேரில் போய் விசாரித்துக்கொள்வது நல்லது. 2019-இல் சிறு வணிகர்களுக்கென்று வந்த ஓய்வூதியத் திட்டத்தில் 40 வயதுக்குள் சேர வேண்டும் என்பதால் நம் பெரியவர்களுக்கு அதில் இடமில்லை. பிள்ளைகள் பார்க்கட்டும்.

சங்கம் செய்யக்கூடியது என்ன? மாதக் கூட்டம் நடக்கும் இடத்தில் அரை மணி முன்னதாக பி.பி. பார்க்கவும் சர்க்கரை பார்க்கவும் ஒரு நர்ஸை அமர்த்த அதிகச் செலவாகாது. கணக்கு வாசிக்கும் நேரத்தில் பலர் தூங்குகிறார்கள். அந்த நேரத்தில் கையை நீட்டட்டும். 140-க்கு 90 என்ற கணக்கைத் தாண்டியவர்களின் பட்டியலைச் செயலாளர் ரகசியமாக வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் டாக்டரைப் பார்த்தாரா என்று கேட்க வேண்டும். வசூல் பாக்கியை விடாமல் கேட்கத் தெரிந்த நமக்கு இது வராதா?

எல்லாவற்றுக்கும் முன்னால், கழிப்பறை. கடை வாடகை கட்டுகிறோம், தொழில் வரி கட்டுகிறோம், உரிமக் கட்டணம் கட்டுகிறோம். கடைவீதியின் இரண்டு முனையிலும் தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பறை கட்டித் தரக் கேட்க நமக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. இடம் இல்லை என்று நகராட்சி சொன்னால், சங்கக் கட்டடத்தின் பின்புறம் உள்ள காலி இடத்தைத் தரலாமா என்பதை உறுப்பினர்கள் முடிவு செய்யலாம். பராமரிப்புக்குக் கடைக்கு மாதம் ஐம்பது ரூபாய் என்று வைத்தாலும் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டிவரும். இது பற்றிய தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் வைக்க வேண்டுமானால் முன்மொழிபவரும் வழிமொழிபவரும் கையெழுத்திட்டு முன்கூட்டியே செயலாளரிடம் கொடுக்க வேண்டும். அறுபது வயதுக்குக் கீழே உள்ள உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தால் நன்றாக இருக்கும். பெரியவர்கள் தாங்களே எழுந்து இதைக் கேட்க மாட்டார்கள்.